பார்த்தவர்கள் சொல்லவில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உன் நலமும் உன் கப்பலில் உள்ளவர்கள் நலமும் அறிய ஆவல். நீ கப்பல் கேப்டனாவதற்கான மாஸ்டர் பரீட்சை தேறிய செய்தி வந்ததிலிருந்தே உனக்கு நீளமாக ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று இருந்தேன். போன வாரம் நீ அனுப்பிய மெயிலைப் படித்தபின் இனியும் தள்ளிப்போட மனம் வரவில்லை.

அந்த தேர்டு ஆபீசர் பையன் விஷயம்தான். ராத்திரி வாட்சில் ரேடாரில் சின்னப் புள்ளி ஒன்றைப் பார்த்திருக்கிறான். கேப்டனை எழுப்பினால் திட்டு விழுமே என்று பேசாமல் இருந்துவிட்டான். நீ தூக்கம் வராமல் பிரிட்ஜுக்கு ஏறி வந்ததால் அந்த மீன்பிடிப் படகு தப்பியது. "இவன் கடலுக்கு லாயக்கில்லாதவன், ரிப்போர்ட் எழுதப் போகிறேன்" என்கிறாய். கோபம் நியாயமானது. படகில் எத்தனை குடும்பங்களின் பிழைப்பு இருந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்கும் நெஞ்சு பதறுகிறது. ரிப்போர்ட் எழுது, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எழுதும் முன் ஒருவருடைய கதையைக் கேள். ரிட்டயர் ஆனதிலிருந்து நான் விடாமல் படித்துக்கொண்டிருக்கும் மனிதர்: பிரிட்டிஷ் கடற்படை அட்மிரல் ஜான் ஜெலிக்கோ.

உன்னைப் போலவே வணிகக் கப்பலோடு தொடர்புள்ள வீடு அவருடையது. அப்பா ராயல் மெயில் கம்பெனியின் கப்பல் கேப்டன். 1859 டிசம்பர் 5-ஆம் தேதி சவுத்தாம்ப்டனில் பிறந்தார். 12 வயதில் பிரிட்டானியா பயிற்சிக் கப்பலில் சேர்ந்து, தன் வகுப்பில் முதலாவதாகத் தேறி வெளியே வந்தார். குள்ளமான உருவம், அமைதியான பேச்சு, பீரங்கித் துறையில் கரைகண்ட மூளை. சின்ன வேலையைக்கூடத் தானே பார்த்து முடிக்கும் சுபாவம். இந்தக் கடைசிக் குணத்தை மனதில் வைத்துக்கொள்.

1893-இல் அவர் மத்தியதரைக் கடல் படையின் தலைமைக் கப்பலான விக்டோரியாவில் கமாண்டர். படைத்தலைவர் அட்மிரல் ஜார்ஜ் ட்ரையான். ஜூன் 22 அன்று லெபனான் கரையில் திரிபோலிக்கு அருகே படை இரண்டு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு வரிசைக்கு விக்டோரியா தலை, மற்றதற்கு கேம்பர்டவுன், அதில் ரியர் அட்மிரல் மார்க்கம். இரண்டு வரிசையும் உள்பக்கமாக ஒன்றை நோக்கி ஒன்று திரும்பி, வந்த வழியே போக வேண்டும் என்பது ட்ரையானின் திட்டம். வரிசைகளுக்கு நடுவே இடைவெளி 6 கேபிள் (ஒரு கேபிள் ஏறக்குறைய 185 மீட்டர்). கப்பல் வட்டமடித்துத் திரும்பும் டர்னிங் சர்க்கிள் பற்றி உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கப்பல்கள் ஒவ்வொன்றும் திரும்ப ஏறக்குறைய 4 கேபிள் அகலம் வேண்டும். இரண்டும் உரசாமல் திரும்பவே 8 வேண்டும், பத்திரமாகத் திரும்ப இன்னும் கூட வேண்டும்.

கப்பலின் வழிகாட்டி அதிகாரி ஹாக்கின்ஸ்-ஸ்மித் முதலிலேயே "குறைந்தது 8 கேபிளாவது வேண்டும்" என்று சொன்னார். "ஆமாம், எட்டு" என்றார் ட்ரையான். பிறகு 6 என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார். கொடி லெப்டினன்ட் கில்ஃபோர்டு திரும்பி வந்து கேட்டார். "ஆறாகவே இருக்கட்டும்." கப்பலின் கேப்டன் பர்க்கும் கேட்டார். அதே பதில். எதிர் வரிசையில் மார்க்கம் தயங்கி, பதில் கொடியைப் பாதிக்கம்பத்திலேயே நிறுத்தி வைத்தார், சிக்னல் புரியவில்லை என்று அதற்கு அர்த்தம். எதற்குக் காத்திருக்கிறாய் என்று எல்லாக் கப்பல்களும் பார்க்க ட்ரையானிடமிருந்து ஒரு சிக்னல் வந்தது. அட்மிரலுக்கு ஏதோ புதுத் திட்டம் இருக்கும் என்று மார்க்கமும் கொடியை ஏற்றினார். இரண்டு கப்பல்களும் திரும்பின. கேம்பர்டவுனின் முனை விக்டோரியாவின் பக்கத்தைக் குத்திக் கிழித்தது. கால் மணி நேரத்துக்குள் விக்டோரியா தலைகுப்புற மூழ்கியது. ட்ரையானோடு சேர்த்து 358 பேர் செத்தார்கள்.

ஜெலிக்கோ அப்போது மால்டா காய்ச்சலில் படுத்த படுக்கை. காய்ச்சலோடு எழுந்து மேல்தளத்துக்கு வந்து, கப்பல் கவிழ்ந்தபோது கடலில் விழுந்தார். ராபர்ட்ஸ்-வெஸ்ட் என்ற மிட்ஷிப்மேன் (பயிற்சி அதிகாரி) பையன்தான் தண்ணீரில் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தான்.

மால்டாவில் நடந்த ராணுவ விசாரணையின் தீர்ப்பை நீ கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். தப்பு ட்ரையானுடையது என்றது தீர்ப்பு. மார்க்கம் தன் சந்தேகத்தை முதலில் நினைத்தபடி சிக்னல் செய்து கேட்காதது வருத்தத்துக்குரியது என்றும் சொன்னது. ஆனால், படைத்தலைவர் நேரில் நின்று இட்ட உத்தரவை நிறைவேற்றியதற்காக ஒருவரைக் குற்றம் சொன்னால் அது கடற்படைக்கே கேடு என்று முடித்தது. அதாவது, கேட்டிருந்தால் நல்லது, கேட்காவிட்டாலும் பாதகமில்லை. இளம் அதிகாரிகள் இதிலிருந்து எதைக் கற்றிருப்பார்கள் என்று யோசித்துப் பார். இத்தனைக்கும் ட்ரையான்தான் ஒவ்வொன்றுக்கும் கொடியைப் பார்த்து நிற்காமல் கேப்டன்கள் தாங்களே முடிவெடுக்கட்டும் என்று பழக்கிவந்தவர். அவரோடு அந்தப் பழக்கமும் மூழ்கிவிட்டது.

ஜெலிக்கோவின் நடு வருஷங்களை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். 1900-இல் சீனாவில் பாக்ஸர் கலகத்தின்போது கரையிறங்கிய கடற்படைப் பிரிவோடு போய், இடது நுரையீரலில் குண்டு பாய்ந்தது. பிழைக்க மாட்டார் என்று மருத்துவர்களே நினைத்தார்கள். பிழைத்தார். அந்தக் குண்டு சாகும்வரை உள்ளேயே இருந்தது. பிறகு அட்மிரல் ஜாக்கி பிஷரின் கண்ணில் பட்டார். (பிஷர் இலங்கையில் ரம்பொடையில் பிறந்தவர், அறிந்துகொள்.) டிரெட்நாட் என்ற புதுவகைப் பெரும் போர்க்கப்பல் உருவான காலத்தில் ஜெலிக்கோ பீரங்கித் துறைக்குத் தலைவராக இருந்தார். பெரிய யுத்தம் வந்தால் ஜெலிக்கோதான் தளபதி என்று பிஷர் பல வருஷம் முன்பே தீர்மானித்துவிட்டார்.

1914 ஆகஸ்டில் யுத்தம் தொடங்கும் நேரத்தில் அட்மிரல் கல்லகனை இறக்கிவிட்டு ஜெலிக்கோவை பிரிட்டனின் முதன்மைப் போர்ப்படையான கிராண்ட் ஃப்ளீட்டின் தலைவராக்கினார்கள். அவருக்கு அதில் மகிழ்ச்சி இல்லை. சண்டைக்கு முந்தின இரவில் தலைவரை மாற்றாதீர்கள் என்று ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள படைத்தளமான ஸ்காப்பா ஃப்ளோவுக்குப் போகும் வழியிலிருந்தே தந்திமேல் தந்தி அடித்தார். யாரும் கேட்கவில்லை. இரண்டு தரப்பிலும் ஒரே மத்தியானத்தில் யுத்தத்தையே தோற்றுவிடக்கூடியவர் ஜெலிக்கோ ஒருவர்தான் என்று சர்ச்சில் பின்னாளில் எழுதினார். அந்தச் சுமை உண்மைதான். அந்தத் தீவுக்குச் சோறு கடல் வழியாகத்தான் வந்தது. படை போனால் நாடே போச்சு. அதனால் அக்டோபர் 1914-லேயே அவர் மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார்: ஜெர்மன் படை திரும்பி ஓடினால் நான் கண்ணை மூடிக்கொண்டு துரத்த மாட்டேன், அது கண்ணிவெடிக்கும் நீர்மூழ்கிக்கும் இழுத்துப்போகும் பொறியாக இருக்கலாம். மேலிடமும் அதை ஒப்புக்கொண்டது.

இனி 1916 மே 31. டென்மார்க்கை ஒட்டிய வடகடலில் பிரிட்டனும் ஜெர்மனியும் மோதிய ஜட்லாண்ட் கடற்போர். இரண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 250 கப்பல்கள், ஒரு லட்சம் மனிதர்கள். துறைமுக கண்ட்ரோல் அறையில் வி.எச்.எஃப் ரேடியோ முன்னால் உட்கார்ந்தே வயதைக் கழித்த எனக்கு இந்தச் சண்டையில் பீரங்கியைவிடச் சிக்னல்கள்தான் கண்ணில் படுகின்றன.

முதல் கோளாறு லண்டனில் நடந்தது. கடற்படைத் தலைமையகமான அட்மிரால்டியில் அறை எண் 40 என்று ஓர் இடம். ஜெர்மன் சங்கேதச் செய்திகளை உடைத்துப் படிப்பவர்கள் அங்கே இருந்தார்கள். அன்று காலை கேப்டன் தாமஸ் ஜாக்சன் அங்கே வந்து, "டி.கே என்ற அழைப்புக்குறி எங்கே இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். "யாடேயில்" என்றார்கள். யாடே என்பது ஜெர்மானியரின் துறைமுக முகத்துவாரம். அவரும் திரும்பிப் போய், ஜெர்மன் தளபதி ஷீர் இன்னும் துறைமுகத்தில்தான் இருக்கிறார் என்று ஜெலிக்கோவுக்கு அனுப்பிவிட்டார். ஷீர் கடலுக்குக் கிளம்பும்போது அந்தக் குறியைக் கரையில் விட்டுவிட்டு வேறு குறியோடு போவார் என்பது அறை 40-இல் இருந்தவர்களுக்குத் தெரியும். எதற்குக் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. இன்னதற்காகக் கேட்கிறேன் என்று இவரும் சொல்லவில்லை. சில மணி நேரத்தில் அதே ஷீர் முழுப்படையோடு எதிரில் வந்தபோது, லண்டனிலிருந்து வரும் தகவலை ஜெலிக்கோ இனி எப்படி நம்புவார்?

இரண்டாவது, முன்னால் போன வைஸ் அட்மிரல் பீட்டியின் படை. சண்டை பிடித்துக்கொண்டே எதிரியை வடக்கே இழுத்து வந்தார், வீரமாகத்தான். ஆனால் பின்னால் வரும் தலைவருக்கு எதிரி எங்கே, எந்தத் திசையில் போகிறான் என்று அவரிடமிருந்து சரியான செய்தி வரவில்லை. "எதிரியின் பெரும்படை எங்கே?" என்று ஜெலிக்கோ திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. 24 டிரெட்நாட்டுகள், வரிசைக்கு 4 வீதம் 6 வரிசை. அவற்றை ஒரே கோடாக விரித்தால்தான் பீரங்கிகள் பேச முடியும். இடது வரிசையில் தொடங்கி விரிப்பதா, வலது வரிசையிலா? தப்பான பக்கம் விரித்தால் படை பாதியில் மாட்டிக்கொள்ளும். பனியும் புகையும் மூடியிருந்தன. ஜெலிக்கோ இருந்த ஐயன் டியூக் கப்பலின் கேப்டன் ட்ரேயர் பின்னாளில் சொன்னார்: ஜெலிக்கோ திசைகாட்டி முன்னால் வந்து நின்று, ஏறக்குறைய 20 வினாடி ஒரு வார்த்தை பேசாமல் அதைப் பார்த்துவிட்டு, இடப்பக்கம் விரிக்க உத்தரவு கொடுத்தாராம். மணி மாலை 6:15. புகைக்குள்ளிருந்து ஷீர் வெளியே வந்தபோது அடிவானம் முழுக்க பிரிட்டிஷ் கப்பல்கள் குறுக்கே நின்றன. அந்த 20 வினாடிக்காக மட்டுமே நான் இந்த மனிதரை ஆயுசுக்கும் மதிப்பேன்.

அன்று முழுதும் கடமையைச் சரியாகச் செய்த ஒருவர் கமோடோர் குட்எனஃப். சவுத்தாம்ப்டன் என்ற சின்னக் கப்பலில் எதிரியின் பெரும்படைக்கு அருகே போய், சுற்றிலும் குண்டு விழ, எண்ணி எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். ஜெலிக்கோவுக்கு உருப்படியாகக் கிடைத்த செய்தியில் பெரும்பங்கு அவருடையது.

ஷீர் படையோடு திரும்பி மறைந்தார், மீண்டும் வந்தார், மீண்டும் அடி வாங்கினார். தப்பிக்க டார்பிடோ படகுகளை ஏவினார். ஜெலிக்கோ, ஒன்றரை வருஷம் முன் எழுதிக் கொடுத்தபடியே, படையை விலக்கித் திருப்பினார். டார்பிடோ ஒன்றுகூடப் படவில்லை, ஆனால் எதிரி கண்ணிலிருந்து மறைந்துவிட்டான். இதற்காக அவரைக் கோழை என்றுகூடச் சொன்னார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தன் கையில் என்ன இருக்கிறது என்று அறிந்தவர் எடுத்த முடிவு அது.

இருட்டியது. விடிந்ததும் முடித்துவிடலாம் என்று ஜெலிக்கோ தெற்கே போனார், ஷீருக்கும் ஜெர்மன் கரைக்கும் நடுவில். ஷீரோ ராத்திரியோடு ராத்திரியாக பிரிட்டிஷ் படையின் வாலுக்குப் பின்னால் குறுக்கே வெட்டிக்கொண்டு, டென்மார்க் கரையோர ஆழமற்ற பகுதியான ஹார்ன்ஸ் ரீஃப் வழியாக வீட்டுக்கு ஓடினார். பாப்பா, அதை யாரும் பார்க்காமல் இல்லை. மலாயா என்ற போர்க்கப்பலிலிருந்து, இரவு 11:40 அளவில், ஜெர்மன் டிரெட்நாட்டுகள் போவதைத் தெளிவாகவே பார்த்தார்கள். பீரங்கி அதிகாரி சுட அனுமதி கேட்டார். கேப்டன் பாயில் மறுத்துவிட்டார். நமக்கு முன்னால் நம் பிரிவின் அட்மிரல் போகிறார், நமக்குத் தெரிவது அவருக்கும் தெரியும் என்பது அவர் நினைப்பு. வேலியண்ட் என்ற போர்க்கப்பலிலும் பார்த்தார்கள். சொல்லவில்லை. ஜெலிக்கோவுக்குப் பின்னால் பீரங்கிச் சத்தம் கேட்டது, சின்னக் கப்பல்கள் மோதிக்கொள்கின்றன என்று நினைத்தார். லண்டனிலும் அறை 40 ஒரு செய்தியைப் பிடித்திருந்தது: ஹார்ன்ஸ் ரீஃபை விடியற்காலையில் ஆகாயக் கப்பல் (ஜெப்பெலின்) வந்து பார்க்கட்டும் என்று ஷீர் கேட்டிருந்தார். எந்த வழியாகப் போகிறார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? அது ஜெலிக்கோவுக்குப் போகவே இல்லை. சரியாகப் போய்ச் சேர்ந்த வேறொரு செய்தியையும், காலையில் பட்ட அனுபவத்தால், அவர் நம்பவில்லை. விடிந்தபோது கடல் காலி.

பிரிட்டனுக்கு 14 கப்பல், 6,094 உயிர். ஜெர்மனிக்கு 11 கப்பல், 2,551 உயிர். வடகடல் பிரிட்டன் கையிலேயே இருந்தது, அதனால் வெற்றி யாருக்கு என்ற வழக்கு இன்னும் ஓடுகிறது. எனக்கு அந்த வழக்கில் அக்கறை இல்லை. அந்த ராத்திரி அந்தப் போர்க்கப்பல்களின் கேப்டன்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்பதுதான் என் கேள்வி.

பதிலில் பாதி ஜெலிக்கோவிடமே இருக்கிறது. படைக்கு அவர் எழுதிக் கொடுத்த போர் உத்தரவுகள் 70 பக்கத்துக்கும் மேல். எப்போது திரும்புவது, எப்போது சுடுவது, யார் யாரைப் பார்த்து நடப்பது, எல்லாம் அதில் உண்டு. எதிரியைக் கண்டால் சொல் என்பதும் உண்டுதான். ஆனால் எல்லாவற்றையும் தலைவர் யோசித்து வைத்திருக்கிறார் என்று இரண்டு வருஷம் தினமும் பழகிய மனிதர்களுக்கு, தலைவருக்குத் தெரியாதது ஒன்று தங்கள் கண் முன்னால் இருக்க முடியும் என்றே தோன்றாமல் போனது. விக்டோரியாவில் மூழ்கிப் பிழைத்தவர் அவர். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கப்பல் எப்படிச் சாகும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? அவரே கட்டிய படையில் அதே மௌனம் இருந்தது. இதை எழுதும்போது எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, ஆற்றாமைதான் வருகிறது.

அடுத்த வருஷமும் இதே கதை. 1916 கடைசியில் அவரை லண்டனுக்கு அழைத்து, கடற்படைக்கே தலைமை அதிகாரியான முதல் கடற்பிரபு ஆக்கினார்கள். 1917 ஏப்ரலில் மட்டும் 8 லட்சம் டன்னுக்கு மேல் வணிகக் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. உன் தொழில்காரர்கள்தான் செத்தார்கள். கப்பல்களைக் கூட்டமாக, காவலோடு அனுப்பலாமே என்றால் அட்மிரால்டி முடியாது என்றது, வாரத்துக்கு 2,500 வருகை, 2,500 புறப்பாடு, இத்தனைக்கும் காவல் எங்கே என்று. அந்தக் கணக்கில் கரையோரம் ஓடும் சின்னச் சின்னப் படகுகூடச் சேர்ந்திருந்தது. ஹெண்டர்சன் என்ற கமாண்டர், பதவியில் எவ்வளவோ கீழே இருந்தவர், கப்பல் அமைச்சகத்திலிருந்து சரியான எண்ணைத் தோண்டி எடுத்தார். பெருங்கடல் தாண்டும் கப்பல் நாளொன்றுக்கு 20 போலத்தான். அந்த எண்ணுக்குப் பிறகு மறுப்புக்கு வலு இல்லை. மே மாதம் முதல் கூட்டப் பயணம் தொடங்கியது, இழப்பு மெல்ல மெல்ல இறங்கியது. ஜெலிக்கோ அப்போது உடலும் மனமும் ஓய்ந்திருந்தார். 1917 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், அமைச்சர் கெடஸ் ஒரு கடிதத்தில் அவரை வீட்டுக்கு அனுப்பினார்.

பிறகு நியூசிலாந்தில் கவர்னர் ஜெனரலாக 1920 முதல் 1924 வரை இருந்தார். மக்களுக்குப் பிடித்தமானவராகவே இருந்தார். 1935 நவம்பர் 20-இல் காலமானார். லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் அடக்கம்.

நாளைக்கே நீ கேப்டன் ஆவாய். உன் கேப்டன் நல்ல மனிதர் என்றுதான் நீ சொல்கிறாய். இருந்தும் அவரை எழுப்ப அந்தப் பையன் பயந்திருக்கிறான். இதற்கு முன் யாராவது எழுப்பியபோது என்ன நடந்தது என்று விசாரி. "எழுப்பு" என்று ஸ்டாண்டிங் ஆர்டரில் எழுதியிருக்கும், எல்லாக் கப்பலிலும்தான் எழுதியிருக்கும். எழுப்பப்பட்டவர் பிரிட்ஜுக்கு வந்து ஒன்றுமில்லை என்று தெரிந்தபோது முகத்தை எப்படி வைத்துக்கொண்டார் என்பதைத்தான் பையன்கள் பார்ப்பார்கள். உன்னையும் அப்படித்தான் பார்ப்பார்கள். நீ அதட்டிப் பேசுகிறவள் இல்லை, ஆனால் வேலையை மற்றவர் கையிலிருந்து பிடுங்கிச் செய்கிறவள். அது சின்ன வயதிலிருந்தே உன்னிடம் உண்டு, அதைத்தான் யோசிக்கச் சொல்கிறேன்.

ஒன்றை விட்டுவிட்டேன். ஜட்லாண்டில் அதே மாலை ஒன்பது மணிவாக்கில், கரோலின் என்ற சின்னக் குரூசரின் கேப்டன் குரூக் எதிரிக் கப்பல்களைப் பார்த்து டார்பிடோ தாக்குதலுக்குக் கிளம்பினார். வைஸ் அட்மிரல் ஜெரம், அவை நம்முடைய கப்பல்கள், விடு என்றார். இல்லை, எதிரிதான் என்று குரூக் திருப்பிச் சொன்னார். உனக்கு நிச்சயமென்றால் தாக்கு என்று பதில் வந்தது, தாக்கினார். எதுவும் படவில்லை. ஆனால் அவர் சொன்னதுதான் சரி. அவை ஜெர்மன் கப்பல்களே. அந்தச் சண்டையில் இருந்த கப்பல்களில் இன்று மிதந்துகொண்டிருப்பது கரோலின் ஒன்றுதான். பெல்ஃபாஸ்டில் அருங்காட்சியகமாக நிற்கிறது. அடுத்த ஓட்டத்தில் பெல்ஃபாஸ்ட் உண்டு என்றாயே, கரைக்குப் போக அரைநாள் கிடைத்தால் போய் ஏறிப் பார். சிக்னல் அறை எவ்வளவு பெரியது, பிரிட்ஜிலிருந்து அதற்குப் போக எத்தனை படி என்று பார்த்து எனக்கு எழுது. படம் எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது.

அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா